பார்மட் போடுவதற்கு முன்னால் ஒரு எண்ணைப் பாருங்கள்

"அண்ணே, லேப்டாப் சும்மா சும்மா ஆஃப் ஆகுதுண்ணே."

"விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் தம்பி. டேட்டா ஏதாச்சும் முக்கியமா இருக்கா? எடுத்துட்டு பார்மட் போட்டுரலாம்."

மதுரையில் கோரிப்பாளையம், காளவாசல், டவுன் ஹால் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் சர்வீஸ் கவுன்டரில் இந்தப் பேச்சு காதில் விழும். மெஷின் இன்னும் பையை விட்டே வெளியே வந்திருக்காது, அதற்குள் வைத்தியம் முடிவாகிவிடும். பார்மட் போட்ட, அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிய மெஷின் கடையில் நன்றாகத்தான் ஓடும். அங்கே அது நாள் முழுக்க சார்ஜரில் மாட்டியபடி, டேபிள் ஃபேன் காற்றில், கனமான வேலை எதுவும் இல்லாமல் கிடக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய், சார்ஜரைக் கழற்றி, மெத்தையில் வைத்து ஆன்லைன் கிளாஸில் உட்கார்ந்ததும் பழையபடி அணையும். மறுபடி கடைக்கு வந்தால் இந்த முறை "போர்டு வீக்கா இருக்கு" என்பார்கள். பார்மட்டின் மேல் எனக்குக் கோபம் வருவது காசு போனதற்காக மட்டும் இல்லை. எந்த நேரத்தில், எந்த நிலையில், எப்படி அணைந்தது என்று மெஷின் தானே எழுதி வைத்திருந்த குறிப்பு முழுவதையும் அது துடைத்துவிடுகிறது. பேட்டரி புகார் ஒன்று, கிராஷ் புகார் வேறொன்று என்று நாம் பிரித்துப் பேசுகிறோமே, அந்த இரண்டும் பல நேரம் ஒரே கோளாறுதான் என்பதும் அந்தக் குறிப்பில்தான் தெரியும்.

41-க்குள் இருக்கும் எண்

ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்தால் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று வரும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் ஃபில்டர் கரன்ட் லாக் என்பதை அழுத்தி, எண் கேட்கும் பெட்டியில் 41 என்று போடுங்கள். கெர்னல் பவர் என்ற பெயரில் சிவப்புக் குறியோடு வரிகள் வந்து நிற்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி கிளம்பிய ஒவ்வொரு தடவைக்கும் இந்த 41 ஒன்று விழும். நிறையப் பேர் இதைப் பார்த்ததுமே "கெர்னல் எரர், பவர் சப்ளை போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். 41 காரணம் கிடையாது. "போன தடவை நான் முறையாக அணையவில்லை" என்று மெஷின் மறுபடி எழுந்த பிறகு போட்டுக்கொள்ளும் குறிப்பு, அவ்வளவுதான்.

காரணத்துக்கான துப்பு ஒரு படி உள்ளே இருக்கிறது. அந்த வரியைத் திறந்து டீட்டெய்ல்ஸ் என்ற தாவலுக்குப் போங்கள். பக்செக்கோடு என்று ஒரு வரி, அதற்குச் சற்றுக் கீழே பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்று இன்னொரு வரி. பக்செக்கோடில் 0 தவிர வேறு எண் இருந்தால் விண்டோஸ் தானே ஏதோ ஒரு தப்பைக் கண்டுபிடித்து, நீலத்திரை காட்டி, காரணத்தை எழுதிவிட்டு நின்றிருக்கிறது. அங்கே 0 இருந்து, பவர்பட்டன்டைம்ஸ்டாம்பில் நீளமான எண் இருந்தால் மெஷின் உறைந்துபோய், யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள். இரண்டுமே 0 என்றால் விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் போயிருக்கிறது. எழுதி வைக்க நேரமே கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் 0 என்று தொடர்ந்து வரும் மெஷினுக்கு பார்மட் போடுவதில் ஒரு பயனும் இல்லை. பேட்டரி, சார்ஜர், சார்ஜிங் ஜாக், சூடு, போர்டு என்று மின்சாரம் போகும் பாதையைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. டேட்டாவைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி திடீரென்று தொடர்பை இழந்தாலும் எழுதுவதற்கு இடமில்லாமல் 0 என்றே நிற்கலாம். ஆனால் அப்போது ஆள் கண்ணுக்கு நீலத்திரை தெரிந்திருக்கும், அதில் சதவீதம் 0-விலேயே நின்றிருக்கும். அதனால் மெஷினைக் கொண்டுவருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்பருந்து ஆகுது?" என்பதில்லை. "அணையும்போது ஸ்கிரீன் எப்படி இருந்துச்சு? பட்டுனு கறுத்துச்சா, அப்படியே உறைஞ்சுச்சா, நீலமாச்சா? சார்ஜர் போட்டிருந்தீங்களா?" இந்த இரண்டு கேள்விக்குப் பதிலும் 41-இன் உள்ளே இருக்கும் எண்ணும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

முப்பத்தெட்டு சதவீதத்தில் ஏன் அணைகிறது

பட்டென்று கறுத்தது, சார்ஜர் இல்லை, எண் 0. இதுதான் அதிகம் வரும் கூட்டணி. "பேட்டரில முப்பத்தெட்டு பர்சன்ட் இருந்துச்சே சார், அதெப்படி பேட்டரி?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு அறிக்கை தயாராகும். அது எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்பதை அந்தக் கறுப்புத் திரையே சொல்லும். பிரவுசரில் திறந்தால் மேலேயே டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள். முதலாவது 41,040 மில்லிவாட் ஹவர், இரண்டாவது 24,600 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் அறுபது சதவீதம்தான் மிச்சம். டாஸ்க்பாரில் காட்டும் நூறு சதவீதம் இந்த 24,600-ஐ நூறாக வைத்த கணக்கு. கொஞ்சம் கீழே ரீசென்ட் யூசேஜ் என்று ஒரு பட்டியல் வரும். தேதி, நேரம், பேட்டரியில் ஓடியதா கரண்டில் ஓடியதா, அப்போது எத்தனை சதவீதம் என்று கடந்த சில நாள் வரலாறு. மெஷின் அணைந்த நேரத்துக்கு முந்தைய வரியையும், மறுபடி ஆன் ஆன பின் வந்த வரியையும் சேர்த்துப் பாருங்கள்.

அணையும் முன் 38, எழுந்ததும் 9 என்று இருந்தால் மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் கணக்குப் பிள்ளை சிப் பழைய அளவை வைத்தே எண்ணிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரு தடவை கேலிபரேஷன், அதாவது மீட்டரைத் திருத்தும் வேலை, செய்து பார்க்கலாம். நூறு வரை ஏற்றி, அப்படியே இரண்டு மணி நேரம் சார்ஜரில் விட்டு, பிறகு கழற்றி, லேசான வேலை கொடுத்துத் தானாக ஹைபர்னேட் ஆகும் வரை (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு அணையும் வரை) இறக்கி, இடையில் நிறுத்தாமல் மறுபடி நூறு வரை ஏற்ற வேண்டும். மாதாமாதம் இதைச் செய்யச் சொல்லும் அறிவுரை வேண்டாத வேலை, பேட்டரி ஆயுள்தான் குறையும்.

அணையும் முன் 38, எழுந்த பிறகும் 37 என்று இருந்தால் விஷயம் வேறு. மீட்டர் சரியாகத்தான் சொன்னது, ஆனால் பேட்டரியால் இழுப்பைத் தாங்க முடியவில்லை. வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்ட நொடியில் பல்பு மங்குகிறதே, அதே சங்கதி. பெரும்பாலான லேப்டாப் பேட்டரியில் மூன்று செல் தொடராக இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கிய நிலையில் மொத்தம் 10.9 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பேட்டரியின் உள்மின்தடை 0.15 ஓம் என்றால், பிராசஸர் டர்போ என்ற உச்ச வேகத்தில் பாய்ந்து மெஷின் 45 வாட் இழுக்கும்போது வோல்டேஜ் 10.2-க்கு இறங்கும், ஒன்றும் ஆகாது. வயதாகி, வெயிலில் வெந்து, மின்தடை 0.4 ஓமுக்கு ஏறியிருந்தால் அதே இழுப்புக்கு 5 ஆம்பியர் ஓடி, 2 வோல்ட் விழுந்து, 8.9-க்கு வந்துவிடும். செல்லுக்கு 3 வோல்ட் என்ற எல்லைக்குக் கீழே. மூன்றில் ஒரு செல் மட்டும் நலிந்திருந்தால் அது இன்னும் முந்தி விழும். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் பட்டென்று வெட்டிவிடும். சுமை போனதும் வோல்டேஜ் மேலே வந்துவிடுவதால் மறுபடி ஆன் செய்தால் 37 காட்டும். மின்தடை எவ்வளவு என்று பேட்டரி அறிக்கையில் எங்கேயும் இருக்காது. அதனால்தான் எழுபது சதவீதம் கொள்ளளவு மிச்சமிருக்கும் பேட்டரியும் இப்படி வெட்டும், "ரிப்போர்ட்ல நல்லாத்தானே இருக்கு" என்று நாம் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

இதைச் சோதிக்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். சென்சார் பக்கத்தில் பேட்டரி வோல்டேஜ் தெரியும். வேலையை எல்லாம் சேவ் செய்துவிட்டு, பேட்டரி ஐம்பதில் இருக்கும்போது சார்ஜரைக் கழற்றி, சும்மா இருக்கையில் என்ன வோல்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளில் டூல்ஸ் மெனுவில் இருக்கும் பெஞ்ச்மார்க்கை ஓட விடுங்கள். மூன்று செல் பேட்டரியில் முக்கால் வோல்ட் வரை விழுந்தால் கவலையில்லை. ஒன்றரை, இரண்டு வோல்ட் விழுந்தால் பேட்டரிதான். அந்த மென்பொருளும் வேண்டாம் என்றால் இன்னொரு குறுக்கு வழி உண்டு: பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குப் போய், பிராசஸர் பவர் மேனேஜ்மென்டுக்குள் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் என்பதில், ஆன் பேட்டரி என்ற இடத்தில் நூறைத் தொண்ணூற்றொன்பதாக்குங்கள். இன்டெல் பிராசஸரில் டர்போ நின்றுவிடும், உச்ச இழுப்பு குறையும். அதன் பிறகு அணைவது நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. புது பேட்டரி வாங்கும் வரை அப்படியே ஓட்டவும் செய்யலாம். சில புது மாடல்களில் இந்த வரி மறைந்திருக்கும்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மெஷின்கள் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. அடியில் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும் ரகமாக இருந்தால் சோதனை இன்னும் எளிது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

சார்ஜர் போட்டிருந்தும் அணைந்தால்

சார்ஜர் மாட்டியிருந்தால் பேட்டரி மேல் சந்தேகம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பல மெஷின்கள் உச்ச இழுப்பின்போது அடாப்டர் போதாததைப் பேட்டரியிலிருந்து சேர்த்து எடுக்கும். 65 வாட் கேட்கும் மெஷினுக்கு 45 வாட் அடாப்டரோ, போனுடைய டைப்-சி சார்ஜரோ மாட்டி ஓட்டினால், பேட்டரியும் நலிந்திருந்தால், சார்ஜரில் இருக்கும்போதே அணையும். அடாப்டர் அடியில் அச்சிட்டிருக்கும் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பதைப் பெருக்கினால் 65 வாட். மெஷின் அடியில் எழுதியிருக்கும் எண்ணோடு அது பொருந்த வேண்டும். உருண்டை பிளக் வரும் டெல் மெஷின்களில் பிளக்கின் நடுவில் ஊசி போல ஒரு பின் இருக்கும், அடாப்டர் எத்தனை வாட் என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ உடைந்தாலோ மெஷின் ஓடும், ஆனால் பேட்டரி சார்ஜ் ஏறாது, வேகமும் 0.8 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தவழும். "பேட்டரி போச்சு, ஸ்லோவாவும் இருக்கு, பார்மட் போடணும்" என்று வரும் டெல்லில் முதலில் அந்தப் பின்னைப் பார்க்க வேண்டும்.

ஜாக் லூஸ் என்பதைப் பிடிக்கவும் ஈவன்ட் வியூவரே போதும். கெர்னல் பவரில் 105 என்ற எண் கரண்டிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து கரண்டுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் விழும். யாரும் கழற்றாமலே ஒரு நிமிடத்தில் ஏழெட்டு 105 விழுந்திருந்தால் ஜாக்கோ, ஒயரின் கழுத்தோ, சுவரில் இருக்கும் பிளக் பாயின்டோ ஆடுகிறது.

நம் ஊருக்கே உரிய ஒன்று இன்வெர்ட்டர். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பை டெஸ்க்டாப் மாதிரி எப்போதும் பிளக்கில் வைத்து ஓட்டுபவர்கள் நிறைய. கரண்ட் கட் ஆகி இன்வெர்ட்டர் பிடிக்கும் இடைவெளியில் அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் தாங்குவது மிஞ்சிப்போனால் சில பத்து மில்லி விநாடி. பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும், லேப்டாப் அணைந்துவிடும். லைட்டும் ஃபேனும் ஒரு சிமிட்டலோடு தொடர்வதால் கரண்ட் போனதே நமக்குத் தெரியாது, "திடீர்னு தானா ரீஸ்டார்ட் ஆகுது" என்போம். 41 விழுந்த நேரத்தை ஏரியாவில் கரண்ட் போன நேரத்தோடு ஒப்பிட்டால் போதும். சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளினாலே சில வீடுகளில் கதை முடிந்துவிடும். இன்னொன்று எர்த். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் கன்வெர்ட்டரில் மாட்டினால் மெட்டல் பாடி சுருக்கென்று கையைக் கடிக்கும், டச்பேட் கர்சர் பேய் பிடித்த மாதிரி குதிக்கும். சார்ஜரைக் கழற்றியதும் அடங்கினால் டச்பேடை மாற்றாதீர்கள், பிளக் பாயின்டுக்கு எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சூடு

அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் மெஷின் எவ்வளவு கஷ்டப்படும் என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். பெரும்பாலான இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரியில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் வன்பொருளே மின்சாரத்தை வெட்டிவிடும். கெர்னல் பவரில் 86 என்ற எண் கண்ணில் பட்டால் சூட்டால்தான் அணைந்தது, வேறு விசாரணை தேவையில்லை. சும்மா பிரவுசர் திறந்ததற்கே 95-ஐத் தொட்டால் அடி மூடியைக் கழற்ற வேண்டிய நேரம். செல்லூர்ப் பக்கம் தறி ஓடும் வீடுகளிலிருந்து வரும் மெஷினைத் திறந்தால் ஃபேன் இறக்கை பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். அதை நம்பி மூடிவிடக் கூடாது. ஃபேனைக் கழற்றினால் அதற்கும் செம்புத் தகடு வரிசைக்கும் நடுவில் பஞ்சும் தூசியும் சேர்ந்து ஒரு படலம் நிற்கும், விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். காற்று வெளியேற வழியே இருந்திருக்காது. வெளியிலிருந்து புளோயர் அடித்தால் இந்தப் படலம் போகாது, உள்ளேதான் திரும்பும். அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். தெர்மல் பேஸ்ட் மாற்றுவதானால் பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, சிப் நடுவில் அரைப் பட்டாணி அளவு வைத்து, திருகுகளை அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் வரிசையிலேயே முடுக்குங்கள்.

பக்செக்கோடில் எண் 0 இல்லை என்றால்

இது ஒப்பீட்டளவில் சுலபம், விண்டோஸே துப்பு கொடுத்திருக்கிறது. 159 என்றால் ஸ்லீப்புக்குப் போகும்போதோ எழும்போதோ ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) ஒத்துழைக்கவில்லை. வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்களைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். 278 என்றால் கிராஃபிக்ஸ் கோளாறு. 122 வந்தால் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை என்று அர்த்தம், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாருங்கள், அதற்கும் முன்னால் டேட்டாவை வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். 26 வந்தால் ராம் மேல் சந்தேகம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள், இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். ராமின் தங்கப் பற்களை ரப்பர் போட்டுத் தேய்ப்பது கடைகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. துகள் ஸ்லாட்டில் விழும், பூச்சும் தேயும். ஆல்கஹால் தொட்ட துணி போதும். 292 வந்தால் வன்பொருளே முறையிடுகிறது: சூடு, பிராசஸர், எஸ்எஸ்டி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வந்தால் டிரைவர்களைத் துரத்தாமல் முதலில் ராமைச் சோதியுங்கள். இதெல்லாம் சரி என்று ஆன பிறகு பார்மட் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

புது பேட்டரி வாங்கும்போது

பழைய பேட்டரியைக் கழற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். டச்பேட் அழுத்தினால் கிளிக் வரவில்லை, மேசையில் வைத்தால் மெஷின் ஆடுகிறது, அடி மூடி ஓரம் பிளந்திருக்கிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அழுத்தி மூடுவது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது எல்லாம் நெருப்போடு விளையாட்டு. மாநகராட்சிக் குப்பை வண்டியிலும் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு எடுப்பவரிடமோ கொடுக்கலாம்.

புதியதை மாடல் பெயர் சொல்லி வாங்காமல் பழைய பேட்டரியின் லேபிளில் இருக்கும் பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில் மூன்று செல், நான்கு செல் என்று இரண்டு வகை வரும், வோல்டேஜும் கனெக்டரும் மாறும். மில்லி ஆம்பியர் எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பதில் மயங்க வேண்டாம், வாட் ஹவரைப் பாருங்கள்: 11.4 வோல்ட், 3,600 மில்லி ஆம்பியர் ஹவர் என்றால் 41 வாட் ஹவர். மாட்டிய அன்றே பேட்டரி அறிக்கையை எடுங்கள். டிசைனுக்கும் ஃபுல் சார்ஜுக்கும் முதல் நாளே பெரிய இடைவெளி இருந்தால் அது வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த சரக்கு. டிசைன் எண்ணே லேபிளோடு ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அதோடு சார்ஜை எண்பதில் நிறுத்தும் வசதியை ஆன் செய்யுங்கள். லெனோவாவில் வான்டேஜ், ஆசஸில் மைஆசஸ், டெல்லிலும் எச்பியிலும் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) இருக்கும். நாள் முழுக்க நூறில் நிறுத்தி, முப்பத்தெட்டு டிகிரி அறையில் வைத்து ஓட்டுவதுதான் இந்த ஊரில் பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது. மூன்றாவது மாதம் மறுபடி ஒரு அறிக்கை எடுங்கள். அதற்குள்ளேயே ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இருபது சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தால், முதல் நாள் அறிக்கையையும் பில்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாரன்டி முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள்.